தெற்கடக்கிக் கோட்டையில் கேட்ட குரல்

ஆளுநர் மாளிகையின் வெளிமுற்றத்தில் விசாரணை அதிகாரி இபூயா வாற்கோதுமை ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தபோது, காவலர்கள் ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் அழவில்லை. தலையில் வாரிப் போட்டுக்கொண்ட புழுதி வியர்வையில் குழைந்து நெற்றியில் காய்ந்து கிடந்தது.

"படகுத்துறையை விட்டு நகர மாட்டேங்கிறா ஐயா. என்ன சொல்றான்னும் விளங்கலை," என்றான் ஒரு காவலன்.

இபூயா தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பெயர் பானேசி. எகிப்து மொழியில் அந்தப் பெயருக்கே 'தெற்கத்தியான்' என்றுதான் பொருள். தகப்பன் தெற்கத்தி வில்லாளி, தாய் எகிப்துக்காரி. இரண்டு மொழியும் அவன் வாயில் ஒன்றாகவே விளைந்தவை. எதிலும் ஓரடி முந்தி ஓடுகிற சுபாவம்.

"உட்காருங்க தாயி," என்று அவள் மொழியில் சொன்னான் பானேசி. அந்த ஒரு சொல்லுக்கே அவள் உடம்பு தளர்ந்தது.

"எம்பேரு அசேக்கா. கெரெத் நாட்டுத் தலைவரோட பொஞ்சாதி. அவரு போன வருசம் செத்துட்டாரு. இப்ப மகனும் போயிட்டான். எங்கொழுந்தன் தாரூக்தான் கொன்னான்னு சொல்லி அவரைக் கழுவுல ஏத்தப் போறாங்க. அவரு கொல்லலை."

பானேசி மொழிபெயர்த்தான். இபூயா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அது இவளுக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"எம்மகன் சாகும்போது 'ஆவோ, வேணாம்'னு எங்க பாஷையில கத்தினானாம். கோட்டைத் தளபதி சொல்றான். எம்மகனுக்கு எங்க பாஷையே தெரியாது. பெத்தவ பேசினதே அவனுக்குப் புரியலை." அவள் குரல் அங்கேதான் முதல் முறையாக உடைந்தது.

அந்தக் கதை இபூயாவுக்குத் தெரிந்ததுதான். தெற்கே போர் முடிந்த பிறகு, தோற்ற தலைவர்களின் பிள்ளைகளை மன்னர் அரண்மனைக்கு எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அங்கே அவர்களுக்கு எகிப்துப் பெயர், எகிப்து உடை, எகிப்துத் தெய்வங்கள். தகப்பன் செத்ததும் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பித் தலைவனாக்குவார்கள். வாளில்லாமல் ஒரு நாடு கைக்குள் வந்துவிடும். அசேக்காவின் மகன் பால்பல் விழாத வயதில் போனவன். உசேர் என்ற பெயரோடு மீசை அரும்பிய இளைஞனாகத் திரும்பி வந்தான். பட்டம் கட்டும் விழாவுக்கு முந்தின நாள், தெற்கடக்கி என்ற எல்லைக் கோட்டையில், மார்பில் அம்போடு செத்துக் கிடந்தான்.

ஆளுநருக்குத் தளபதியின் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. இபூயாவை உள்ளே கூப்பிட்டவர் பழரசத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"கெரெத் பெரியவங்க எல்லாரும் விழாவுக்கு வந்தவங்க, இன்னும் கோட்டையிலதான் இருக்காங்க. அவங்க கண்ணு முன்னால தாரூக்கைக் கழுவேத்தணும். சட்டப்படி விசாரிச்சுத்தான் நடந்துச்சுன்னு ஊருக்குத் தெரியணும். அதுக்குத்தான் நீ போறே. இழுத்தடிக்காதே."

"விசாரிக்கிறேன், பிரபு," என்றார் இபூயா. அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார்.

*

நைலில் புது வெள்ளம் வந்த காலம் அது. தண்ணீர் செங்கல் கரைத்தது போல ஓடியது. வெள்ளம் பாறைகளை மூடும்போதுதான் பெரிய படகுகள் தெற்கேயுள்ள சுழிகளைத் தாண்ட முடியும். வடகாற்றில் பாய் விரித்து அவர்கள் ஏறிப் போனார்கள். வழியில் பானேசி தன் இடுப்புத் துணியை ஆற்றில் அலசிப் படகின் கயிற்றில் காயப் போட்டான். காய்ந்தபோது அது வெங்காயச் சருகின் நிறத்துக்கு வந்திருந்தது.

அசேக்கா அதைப் பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணி இருக்கையில இந்த மாசத்துல ஆத்துல துணி அலசறவனை எங்கூர்ல மாடு மேய்க்கக்கூட விட மாட்டாங்க," என்றாள். அந்தப் பயணத்தில் அவள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

கோட்டை மதில் ஆற்றோரப் பாறையிலிருந்து முளைத்ததுபோல நின்றது. வாசலில் தளபதி கென்ரா எதிர்கொண்டான். அகன்ற தோள், சவரம் செய்த தலை, பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"வாங்க, வாங்க. கழுமரம் சீவி வச்சாச்சு. உங்க முத்திரைதான் பாக்கி." பிறகு பானேசியின் பக்கம் திரும்பினான். "இந்தக் கரிக்கட்டையும் கூட வந்திருக்கா? என்ன ஆவோ, சௌக்கியமா?"

பானேசி பல்லைக் கடித்துக்கொண்டான். அந்தச் சொல் அவனுக்குப் புதிதல்ல. கோட்டைக் கொட்டடிகளில் எகிப்துச் சிப்பாய்கள் எந்தத் தெற்கத்தி ஆளையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

அசேக்கா தளபதியின் காலருகே மண்டியிட்டு ஏதோ கேட்டாள்.

"மகனோட உடம்பைக் கேக்கறாங்க," என்றான் பானேசி. "அவங்க வழக்கப்படி மாட்டுத் தோல்ல சுத்திப் புதைக்கணுமாம்."

"அதெப்படி? அவரு நம்ம ஆளு. முழுக்க முழுக்க நம்மூர்ல வளர்ந்தவரு. கனவு கண்டாக்கூட நம்ம பாஷையிலதான் காணுவாரு. உவர் உப்புல கிடக்காரு, முறைப்படி பதப்படுத்தித்தான் அடக்கம்."

இபூயா அவனைப் பார்த்துத் தலையசைத்தார், ஒத்துக்கொண்டவர்போல.

உசேர் செத்துக் கிடந்த விருந்தினர் அறை மாடியில் இருந்தது. ஆற்றைப் பார்த்த ஜன்னல், முற்றத்தைப் பார்த்த கதவு, பின்பக்கம் மாட்டுக் கொட்டிலுக்கு இறங்கும் படி. கென்ரா நடந்ததைச் சொன்னான். பிற்பகலில் தாரூக் மாடுகளும் ஒரு வில்லும் சில அம்புகளும் காணிக்கையாகக் கொண்டுவந்தான். அவனும் உசேரும் அறைக்குள் பீர் குடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். பிறகு தாரூக் கொட்டிலில் மாடுகளைக் கட்டப் போனதாகச் சொல்கிறான். அவனை அங்கே பார்த்தவர் யாருமில்லை. பொழுது சாயும் நேரத்தில் அறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"நான் அப்போ வாசல்ல காவலாளிங்களோட நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாரும் கேட்டோம். ஓடிப் போய்ப் பாத்தா, காணிக்கை அம்பு நெஞ்சுல நிக்குது. ஆவோன்னா மாமன், சித்தப்பன், அவ்வளவுதானே? தலைமை கையை விட்டுப் போகுதுன்னு சித்தப்பனே குத்திட்டான்."

காவலர்களைத் தனித்தனியே விசாரித்தார் இபூயா. எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பொய் சொல்கிறவர்களின் முகமாக அது இல்லை. குரல் கேட்டது உண்மை. அப்போது கென்ரா அவர்கள் நடுவே நின்றிருந்ததும் உண்மை.

"அப்போ தளபதியை விட்ரலாம் ஐயா," என்றான் பானேசி, ஏமாற்றத்தை மறைக்காமல். "எனக்கு அந்த ஆளைப் பாத்ததுமே பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா அவன் கீழே இருந்திருக்கான்."

"கீழே இருந்தவன் குத்த முடியாது. சரி. அதுக்கு மேல எதையும் இப்போ முடிவு பண்ணாதே."

உசேரின் அடிமைப் பணியாள் பாக்கி அடுத்து வந்தான். மெலிந்தவன், சுத்தமானவன்; கண் ரப்பைகள் வீங்கியிருந்தன. அரண்மனையில் உசேரோடு கூடவே வளர்ந்தவன். காலையில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிடுவதும் கழுத்தணி பூட்டிவிடுவதும் இவன் வேலை.

"நான் கீழே படித்துறையில விழாவுக்குக் கட்ட வேண்டிய உடுப்பைத் துவைச்சுக்கிட்டிருந்தேனுங்க. குரல் கேட்டு ஈரத் துணியோட ஓடி வந்தேன். அவர் என்ன கத்தினாருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பாஷை எனக்கு வராதுங்க."

"அந்த உடுப்பு எங்கே?"

பாக்கி பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான். மெல்லிய சணல்நூல் துணி. கொக்கின் இறகு போல வெண்மை. இபூயா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"செத்தப்ப கட்டியிருந்தது?"

அதையும் கொண்டுவந்தான். அம்பு துளைத்த இடத்தில் ஒரு கிழிசல், அதைச் சுற்றி விரல்நுனி அளவுக்குக் கறுத்த கறை.

"கழுத்தணி?"

அது மன்னர் தம் கையால் அணிவித்தது. வரிசை வரிசையாகப் பொன்மணிகள் கோத்து, நெஞ்சை மறைக்கும் அகலத்துக்கு இருந்தது. மணிகள் பழகித் தேய்ந்திருந்தன. பிடரியில் முடிகிற கயிறு மட்டும் புதுசு.

"விழாவுக்காக மாத்தினேனுங்க," என்றான் பாக்கி, கேட்காமலே.

பதப்படுத்தும் கொட்டகையில் உவர் உப்பைத் தள்ளிவிட்டுக் கழுத்தைக் காட்டச் சொன்னார் இபூயா. தோல் காய்ந்து இறுகத் தொடங்கியிருந்தது. தொண்டையின் குறுக்கே சிறு சிறு குழிகள், மழைத் துளி விழுந்த மணலைப் போல, ஒரே வரிசையாக ஓடின.

*

தாரூக்கைத் தானியக் கிடங்கின் அடியில் கட்டிப் போட்டிருந்தார்கள். நரைத்த ஆள். தண்ணீரை முதலில் முகத்தில் ஊற்றிக்கொண்டுதான் குடித்தார். யானைத் தந்தம் விற்கப் போய்ப் பழகிய கொச்சை எகிப்து மொழி அவருக்கு வந்தது.

"பையன் நல்ல பையன் ஐயா. நான் தலைமையை விட்டுத் தர்றேன்னு சொன்னதும் அவன் கண்ணு கலங்கிடுச்சு. 'சித்தப்பா, பொன்னு வெட்டற மலைக்குப் போற வழியில கிணறுகள் உங்ககிட்ட இருக்கு. அதைத்தான் மன்னர் கேக்கறாரு. வருசா வருசம் பொன்னை நானே அனுப்பி வைக்கறேன். படை ஒண்ணும் வர வேணாம்னு தலைநகருக்கே போய்ச் சொல்றேன்'னான்."

"இதை வேற யாராவது கேட்டாங்களா?"

"பீர் ஊத்திக் கொடுத்த அந்த ஒல்லிப் பையன் பக்கத்துலதான் நின்னான்."

"வேற என்ன பேசினீங்க?"

தாரூக் முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்தெடுத்தார்.

"அம்மாவை எங்க பாஷையில எப்படிக் கூப்பிடணும்னு கேட்டான். விழாவுல எல்லாருக்கும் முன்னால கூப்பிடணுமாம். 'ஏனா'ன்னு சொல்லிக் கொடுத்தேன். வாய்ல வரலை அவனுக்கு. திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தான், குழந்தை மாதிரி. நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அந்த ஒரு சொல்லுதான் ஐயா அவன் கத்துக்கிட்டது."

பானேசி இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இபூயா மெதுவாகக் கேட்டார்: "அவன் உங்களை ஆவோன்னு கூப்பிட்டானா?"

"என்னையா? நான் எதுக்கு ஆவோ? ஆவோன்னா அம்மா கூடப் பொறந்தவன். தாய்மாமன். நான் அப்பன் தம்பி."

பானேசி நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயா! நான் ஒரு மரமண்டை. எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் உறைக்கலை. கொட்டடியில எல்லாப் பயலும் எல்லாரையும் ஆவோங்கிறதைக் கேட்டுக் கேட்டு…"

"அதுதான் பானேசி. கத்தினவனும் அதைக் கொட்டடியிலதான் கத்துக்கிட்டிருக்கான். இல்லேன்னா கொட்டடியில கத்துக்கிட்டவன் யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான்."

வெளியே வந்தபோது மதில்மேல் கொம்பு ஊதினார்கள். வடக்கேயிருந்து படகுகள் வந்துகொண்டிருந்தன. பெரிய படகுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றில் தலைநகரத்து ஈட்டிப்படையினர், கழுதைகள், அடுக்கடுக்காகத் தோல் தண்ணீர்ப் பைகள்.

"படை வந்திருச்சு!" என்றான் பானேசி. "கொலைச் செய்தி கேட்டு மன்னர் அனுப்பியிருக்காரு போல."

இபூயா மதிற்சுவரில் கையூன்றி நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றுதான் முதல் முறையாக அவர் முகம் கிழடு தட்டியதைப் பானேசி கண்டான்.

*

மறுநாள் காலை கோட்டை முற்றத்தில் விசாரணை கூடியது. ஒரு பக்கம் கெரெத் பெரியவர்கள், தோளில் சிறுத்தைத் தோலோடு, ஆயுதமில்லாமல். அவர்கள் நடுவே அசேக்கா. எதிரே புதிதாக வந்த ஈட்டிக்காரர்கள். மதில்மேல் கோட்டையின் தெற்கத்தி வில்லாளிகள் காவல் நின்றார்கள். நடுவில் கழுமரம், பச்சை வாசனையோடு. தாரூக்கை அதன் அடியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இபூயா எழுந்தார். கையில் கோல் மட்டும் இருந்தது.

"முதல்ல அம்பு. உயிரோட இருக்கிறவன் நெஞ்சுல அம்பு பாஞ்சா ரத்தம் கொட்டும், உடுப்பு நனையும். உசேர் உடுப்புல விரல்நுனி அளவுதான் கறை. செத்த உடம்புல ரத்தம் ஓடாது. ஆக, அம்பு குத்துறதுக்கு முன்னாலேயே அவர் செத்துட்டார். எப்படிச் செத்தார்? அவர் தொண்டையில வரிசையா மணிப் பள்ளம். மன்னர் போட்ட பொன் கழுத்தணியையே பின்னாலேருந்து முறுக்கியிருக்காங்க. முறுக்கினதுல அறுந்த கயிறை மாத்திப் புதுசு போட்டிருக்காங்க."

கெரெத் பெரியவர்களுக்காகப் பானேசி ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

"கழுத்து நெரிபட்டவன் கத்த முடியாது. அப்போ எல்லாரும் கேட்ட குரல் யாரோடது? உசேருக்குத் தாய்மொழி தெரியாது. கனவுகூட நம்ம பாஷையிலதான்னு தளபதியே வாசல்ல வச்சு என்கிட்ட சொன்னார். அவருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சொல். அதை அன்னிக்குத்தான் சித்தப்பாகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டார். ஏனா. அம்மா."

பானேசி அந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அசேக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பி அடங்கியது.

"சாகப் போறவன், தெரிஞ்ச ஒரே சொல்லை விட்டுட்டுத் தெரியாத சொல்லையா கத்துவான்? அதுவும் தப்பான சொல். சித்தப்பாவைத் தாய்மாமன்னு சொல்ற சொல். அசேக்காவுக்குக் கூடப் பொறந்தவனே கிடையாது. ஆக, உசேரைக் கொன்னு அம்பைக் குத்தி வச்சவன், எல்லார் காதுலயும் விழற நேரம் பாத்து அவனே கத்தியிருக்கான். பழி தாரூக் மேல விழணும்னு."

"அப்போ யாரு?" என்றான் கென்ரா. அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அரண்மனையில வளர்ந்த ஒரு ஆள், யாரைத் தன் முதுகுக்குப் பின்னால நிக்க விடுவான்? யார் கை கழுத்தணியில பட்டாத் திரும்பிப் பாக்க மாட்டான்? தினமும் அதைப் பூட்டிக் கழட்டறவன்." இபூயா திரும்பினார். "பாக்கி, நீ அன்னிக்குப் படித்துறையில துணி துவைச்சேன்னே. ஆத்துல செந்தண்ணி ஓடுது. என் ஆளு வழியில ஒரு துணி அலசினான், இன்னும் அது பழுப்பாத்தான் இருக்கு. உன் துணி கொக்கு மாதிரி வெளுத்திருக்கு. நீ ஆத்துப் பக்கம் போகவே இல்லை."

பாக்கி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"சின்ன வயசுலேருந்து அவர் கூடவே… என்னை விடுதலை பண்றேன்னாங்க. வீடு தர்றேன்னாங்க. அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தது…"

கென்ரா பக்கத்தில் நின்றவனின் ஈட்டியைப் பிடுங்கி எறிந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாக்கி ஒரு சத்தமும் எழுப்பாமல் பக்கவாட்டில் சரிந்தான்.

"எஜமானைக் கொன்ன நாய்," என்றான் கென்ரா, கையைத் துடைத்துக்கொண்டே. "பிரமாதம் ஐயா. கொலைகாரன் கிடைச்சான், தண்டனையும் ஆச்சு. வழக்கு முடிஞ்சது."

இபூயா அவனருகில் போனார். பானேசிக்கும் கேட்கிற தணிந்த குரலில் பேசினார்.

"முடியலை தளபதி. நேத்து படகு வந்துச்சு. ஆளுநர் மாளிகைக்கும் வடக்கே வெகுதூரத்துல இருக்கிற தலைநகரை, உசேர் செத்த செய்தி இன்னும் தொட்டிருக்கவே முடியாது. ஆனா படை வந்து இறங்கிருச்சு, பாலைவனத்துக்குத் தண்ணிப் பையோட. இவங்க புறப்பட்டப்ப உசேர் உயிரோட இருந்தார். கொலை நடக்கும்னு தெரிஞ்சுதான் படை கிளம்பியிருக்கு."

"புத்திசாலிதான் நீங்க," என்றான் கென்ரா. சிரிப்பு இப்போதுதான் போயிருந்தது. "அப்படின்னா இதையும் யோசியுங்க. நான் சாதாரணக் கோட்டைத் தளபதி. தலைநகரத்துப் படகை நானா கிளப்ப முடியும்? உங்களை இங்கே அனுப்பினாரே, அவரைப் போய்க் கேளுங்க. பையன் சமாதானம் பேசினா பொன் ஒரு கூடை வரும். கிணறுங்க நம்ம கையில வந்தா மலையே வரும். தாரூக் குத்தவாளியோ இல்லையோ, நாளைக்குக் காலையில படை நடக்கும். கழுவுல ஏறினா ஒரு காரணம். ஏறலேன்னா இன்னொரு காரணம். போய்த் தீர்ப்பைச் சொல்லுங்க. சுருக்கமா."

இபூயா கூட்டத்தின் முன்னால் வந்தார். அவர் சொன்னது சிறியது.

"தாரூக் குற்றமற்றவன். கட்டை அவிழுங்க. உசேரோட உடம்பு அவன் தாய்க்கு."

அவ்வளவுதான். பானேசியைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கமான பார்வைதான். பானேசி முன்னால் வந்தான். தீர்ப்பைச் சொன்னான், தாரூக்கின் பெயரையும் உசேரின் பெயரையும் சத்தமாகச் சொன்னான். அதே குரலில், அதே முகத்தோடு, நிறுத்தாமல் தொடர்ந்தான்.

"முகத்துல எதையும் காட்டாம கேளுங்க. இந்தப் படை தாரூக்குக்காக வரலை. உங்க கிணறுகளுக்காக வந்திருக்கு. நாளைக்குக் காலையில கிளம்புது. போறதுக்குத்தான் தண்ணி எடுத்துக்கிட்டுப் போறாங்க. திரும்பறதுக்கு உங்க கிணறுகளை நம்பித்தான் போறாங்க. உடம்பை வாங்கிக்கிட்டு, அழுதுக்கிட்டே வெளிய போங்க. வாசலைத் தாண்டினதும் ஓடுங்க."

கென்ரா புருவத்தைச் சுருக்கினான். அவனுக்குத் தெரிந்தவை கொட்டடிச் சொற்கள் சில. அவற்றில் எதுவும் இந்தப் பேச்சில் வரவில்லை. மதில்மேல் நின்ற தெற்கத்தி வில்லாளிகளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் வில்லைத் தோள் மாற்றிக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பி நின்றான்.

அசேக்காதான் முதலில் ஓலமிட்டாள். அது நடிப்பு இல்லை. பெரியவர்கள் உப்பிலிருந்து உடம்பை எடுத்து மாட்டுத் தோலில் கிடத்தி, குழந்தை படுப்பதுபோலக் காலை மடக்கிச் சுற்றினார்கள். வெள்ளைத் துணி வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். ஊர்வலம் அழுதுகொண்டே வாசலைத் தாண்டியதை ஈட்டிக்காரர்கள் சிரித்தபடி பார்த்தார்கள்.

*

படை திரும்பி வந்தது. போனதில் பாதிகூட இல்லை. ஊர்கள் காலியாகக் கிடந்தன. கிணறுகளில் பாறையும் செத்த மாடுகளும் நிரப்பப்பட்டிருந்தன. பாலைவனம் மீதி வேலையைச் செய்தது. கென்ராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கழுதைமேல் வந்தான், கடைசித் தண்ணீர்ப் பையோடு. செத்தவர்கள் காலாட்கள். அவர்களில் மதில்மேல் நின்ற தெற்கத்தி வில்லாளிகளும் இருந்தார்கள். எல்லாம் தெரிந்தும் சொல்லாமலே போனவர்கள். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து பானேசிக்கு ரொட்டி இறங்கவில்லை.

யாரோ ஒரு வணிகன் கெரெத் பக்கம் போய்க் கதை கேட்டு வந்து சொல்லிவிட்டான். ஆளுநர் இருவரையும் முன்னால் நிறுத்தினார்.

"இந்தத் தெற்கத்தியான் உன் தீர்ப்பை நீட்டிச் சொல்லிப் படையைக் கொன்னுட்டான்னு கேள்விப்பட்டேன். மன்னர் உயிர்மேல ஆணையா சொல்லு இபூயா. அன்னிக்கு இவன் வாயிலேருந்து வந்தது யாரோட பேச்சு?"

மன்னரின் உயிர்மேல் செய்கிற பொய்ச் சத்தியத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கதவருகே மூக்கறுபட்ட ஒரு வேலைக்காரன் அப்போதும் விசிறிக்கொண்டு நின்றான். பானேசி வாயைத் திறந்தான். இபூயாவின் கோல் அவன் காலை அழுத்தியது.

"மன்னர் உயிர்மேல் ஆணை. அவன் சொன்ன அத்தனையும் என் பேச்சு. நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னான்."

தோண்டினால் தலைநகரத்துப் படகுகள் வரை தோண்ட வேண்டியிருக்கும் என்பது ஆளுநருக்கும் தெரியும். இபூயாவின் கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டைப் பறித்தார்கள். வடக்கே, கடலோரத்துச் சதுப்புக் கோட்டைக்கு, சாகும்வரை திரும்பக் கூடாது என்று அனுப்பினார்கள்.

படகுத்துறையில் காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் இபூயா. கையில் பிடிக்க ஒன்றுமில்லாமல் விரல்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தன. பானேசி ஒரு பொட்டலம் ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஏன் ஐயா? வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்லையே நீங்க?"

"இப்பவும் சொல்லலை," என்றார் இபூயா. "நான் பாதியிலேயே நிறுத்திட்டேன் பானேசி. பயத்துல. மீதியை நீ சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் உன்னைப் பாத்தேன்."

படகோட்டி கழியை ஊன்றினான். பானேசி இடுப்பளவு தண்ணீர்வரை கூடவே நடந்து போனான். அதற்கு மேல் காவலர்கள் விடவில்லை.